கண்டக்டரின் ஸ்பூன்

அப்பாவின் வலது கையிலிருந்து ஸ்பூனை எடுக்க அந்த நர்ஸ் படாத பாடு பட்டாள். சின்னப் பெண். ஒரு விரலை நிமிர்த்தினால் இன்னொன்று மடங்கிக்கொண்டது. "விடுங்க சார், விடுங்க" என்று உயிரோடு இருப்பவரிடம் கெஞ்சுவது மாதிரிக் கெஞ்சினாள். வாசலில் மகள் நிற்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு விலகி நின்றாள்.

"நான் எடுக்கறேன்" என்று மகள் கட்டிலருகே போனாள். அவளாலும் முடியவில்லை. கை சில்லிட்டிருந்தது. ஆயுசு முழுக்க பஸ் கம்பியைப் பிடித்துக் காய்ப்பேறிய கை, பிடித்தால் பிடித்ததுதான். பின்னாலேயே வந்த அண்ணன் எதையும் இழுக்கவில்லை. அப்பாவின் முஷ்டியைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். கொஞ்ச நேரத்தில் எப்படியோ ஸ்பூன் அவன் கைக்கு வந்துவிட்டது.

அம்மா அப்போதுதான் லிப்டிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அறை வாசலில் தடுமாறிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் முதலில் பட்டது அண்ணன் கையிலிருந்த ஸ்பூன்.

"பசிச்சிருக்குடா" என்றாள். "ஸ்பூனைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு, யாராவது ஏதாவது கொண்டு வருவாங்கன்னு பார்த்துட்டே இருந்திருக்காருடா மனுஷன்." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "கஞ்சி வேண்டாம் வேண்டாம்னு பாத்திரத்தை மூடி வச்சியேடி. வெறும் வயித்தோட அனுப்பிட்டியேடி."

அண்ணன் ஸ்பூனைப் பார்த்தான். கட்டிலின் பக்கத்துத் தடுப்பைப் பார்த்தான். சாத்தினால் சத்தமே வராத அந்தக் கதவைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தபோது தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். இந்த ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டவன் அவன். கேட்க வேண்டியதையெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுத் தீர்க்க இதைவிடத் தோதான நேரம் அவனுக்கு வாய்க்காது.

"ஆமாம்மா. பசிச்சிருக்கும்" என்றான் அண்ணன். அவ்வளவுதான். ஸ்பூனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நர்ஸ் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டே யாரும் கேட்காமலே பேசினாள். "பெல் அடிக்கவே இல்ல மேடம். அடிச்சிருந்தா ஓடி வந்திருப்போம். நடுவுல ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், தூங்கிட்டுதான் இருந்தார். காலையில பிரஷர் பார்க்க வந்தப்பதான்..." அவள் பொய் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பெல்லின் பொத்தான் தலைமாட்டுச் சுவரில் இடது பக்கம், பச்சை விளக்கோடு ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் செக்கர். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு, சுருக்கம், விட்டுப்போன தையல் என்று நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்ணுக்கு அது பழகிவிட்டது. எங்கே போனாலும், என்ன நடந்தாலும், அது பாட்டுக்குக் குறையைத் தேடிக்கொண்டே இருக்கும். இப்போதும் தேடியது. கட்டில் தடுப்பின் வெள்ளைப் பிளாஸ்டிக்கில், அப்பாவின் வலது கை எட்டுகிற இடத்தில், சின்னச் சின்னப் பள்ளங்கள். பிறை மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக.

"இது பழைய கட்டிலா?" என்று கேட்டாள்.

"இல்லையே மேடம். இந்த மாடியில எல்லாமே புதுசு."

அப்பா செத்துக் கிடக்கிறார், கட்டில் பழசா புதுசா என்று விசாரணை வேண்டிக்கிடக்கிறதா என்று அவளுக்கே தன் மேல் வெறுப்பாக வந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

செக்கர் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவுக்குச் சிரிப்பு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். செக்கர் பஸ்ஸில் ஏறினாலே வயிற்றில் புளியைக் கரைத்த காலத்தைப் பார்த்தவர்; பெற்ற பெண்ணே செக்கராகி வீட்டுக்குள் நடமாடுவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை என்பார். பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதே கேலிதான். வேலை முடிந்து சாயங்காலம் அவள் வார்டுக்குள் நுழைந்தால், "செக்கர் ஏறிட்டாங்கப்பா, எல்லாரும் டிக்கெட்டை எடுத்துக் கையில வச்சுக்கங்க" என்று குரல் கொடுப்பார். வரிசையாகப் படுத்திருக்கிற ஆட்கள் மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். மூச்சுக் குழாய் மாட்டியிருப்பவர்கூடக் கையை ஆட்டுவார்.

அவளுக்குச் சிரிப்பு வராது. அந்த வார்டில் கண்ணில் படுவதெல்லாம் குறைதான். சுற்றும்போது முனகுகிற காற்றாடி, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கிடக்கும் சொந்தக்காரர்கள். இரும்புக் கட்டில் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. அடித்த பெயிண்டில்கூட ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொண்டாள். பெரிய டாக்டர் கெட்டிக்காரர், பொறுமையாகப் பேசுகிறவர், காலணா வாங்காதவர். அதையெல்லாம் அவள் மறுக்கவில்லை. ஆனால் அப்பாவின் இதயக் குழாயைப் பார்க்கிற பரிசோதனைக்குத்தான் கூப்பிடவே இல்லை. "பேர் இருக்கும்மா, வரிசைப்படி கூப்பிடுவோம்" என்பதே பதில். இயந்திரம் ஒன்று, ஆட்கள் ஊர்ப்பட்ட பேர். இதற்கிடையில் அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் அவளுடைய கம்பெனியில் மருத்துவ இன்சூரன்ஸைப் பெற்றோருக்கும் சேர்த்து மாற்றினார்கள். அப்பாவின் பெயர் அச்சடித்த கார்டு கைக்கு வந்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆண்பிள்ளை செய்யாததை நான் செய்கிறேன் என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது; இல்லையென்று சொல்ல முடியாது.

"அங்க என்ன குறை இப்ப?" என்றான் அண்ணன்.

"என்ன குறையா? அப்பாவுக்கு மூச்சு வாங்குது, அவங்க வரிசைங்கறாங்க. வரிசை வர்ற வரைக்கும் இதயம் பொறுத்துக்கிட்டு இருக்குமா?"

"அங்க ஆள் இருக்காங்கடி."

"எந்த ஆளு? ரெண்டு வார்டுக்கும் சேர்த்து ஒரு சிஸ்டர். மத்த வேலையெல்லாம் நீதானே தரையில படுத்துக்கிட்டு ராத்திரி முழுக்கப் பாக்கற? அதுக்குப் பேரு ஆஸ்பத்திரியா?"

அண்ணன் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன். கெட்டுப்போன மோட்டாரைப் பிரித்துப் போட்டால் அதோடு மணிக்கணக்காகப் பேசுவான். தங்கையிடம் வாய்ப்பேச்சில் தோற்றே பழக்கம். "அங்க ஆள் இருக்காங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்" என்று மறுபடியும் அதையே சொன்னான். அப்பாவைக் கேட்டார்கள். "பொண்ணு சீட்டு ரிசர்வ் பண்ணியிருக்கு, போய்த்தான் உக்காந்து பார்ப்போமே" என்றார் அவர்.

புது ஆஸ்பத்திரிக்கு முகப்பெல்லாம் கண்ணாடி. அம்மா அதற்குக் கண்ணாடி ஆஸ்பத்திரி என்றே பெயர் வைத்துவிட்டாள். போன அன்றே பரிசோதனை நடந்தது. பெரியாஸ்பத்திரியில் நாக்குத் தள்ளக் காத்திருந்தது இங்கே ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. அவள் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

குழாயில் அடைப்பு, தாமதிக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆனால் அடைப்பை எடுக்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அப்ரூவல் வர வேண்டுமாம். "சாயங்காலத்துக்குள்ள வந்துடும் மேடம்" என்றாள் வரவேற்பிலிருந்த பெண். சாயங்காலம் கேட்டால், "காலையில வந்துடும். வந்ததும் மானிட்டர் இருக்கிற ரூமுக்கு மாத்திடுவோம். சார்தான் முதல் கேஸ்" என்றாள். இங்கேயும் ஒரு வரிசை இருந்தது, உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் கேஸ் என்பதால் ராத்திரி சாப்பாடு கிடையாது. அம்மா தூக்கில் கொண்டு வந்த கஞ்சியை மகள்தான் மூடி வைத்தாள்.

அப்பாவுக்கு அறை ரொம்பப் பிடித்திருந்தது. குளிர்சாதனம், டிவி, கட்டிலைத் தூக்க ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான். பெல்லைக் காட்டியபோது, "ஒரு பெல் நிறுத்தம், ரெண்டு பெல் ரைட்டா?" என்று கேட்டு நர்ஸைச் சிரிக்கவைத்தார். ஒரு தடவை அழுத்தியும் பார்த்தார். உடனே இன்னொரு நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்து "என்ன சார் வேணும்?" என்று நின்றாள். "ஒண்ணுமில்லம்மா, சும்மா" என்று அவர் கூச்சப்பட்டுப்போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் கையே போகவில்லை. அந்த இடது கையில் சலைன் ஊசியும் குத்தியிருந்தது.

அறையில் துணைக்கு ஒருவர் தங்கலாம், சோபாகூட இருந்தது. அண்ணன் பையைக் கீழே வைத்தான். அவனுக்குக் கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. வாரக்கணக்காகச் சிமெண்டுத் தரையில் படுத்து எழுந்தவன்.

"நீ வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கு. இங்க பெல் இருக்கு, நர்ஸ் இருக்காங்க. நாமளே பார்த்துக்கறதுக்கு எதுக்கு இங்க வரணும்?" என்றாள்.

"நான் இருக்கேனே. எனக்கென்ன?"

"போடா, போங்கடா எல்லாரும். ஒரு நாள் மகாராஜா மாதிரி தனியாத் தூங்கறேன்" என்று அப்பாவும் சேர்ந்துகொண்டார். கிளம்பும்போது அவர் சட்டைப்பையில் எவர்சில்வர் ஸ்பூன் ஒன்று எட்டிப் பார்த்தது. பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த பழக்கம். "சாப்பாடே இல்லைன்னாச்சு, இது எதுக்குப்பா?" என்று அவள் கேட்டதற்கு, "இருக்கட்டும்மா, செக்கருக்கு இதையெல்லாமா காட்டணும்?" என்றார்.

அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

உடலை வீட்டுக்குக் கொண்டு வந்து, வந்தவர்களெல்லாம் பார்த்து, தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தபோது அவள் கைக்குள்ளிருந்த போன் அதிர்ந்தது. பழக்கத்தில் பார்த்துவிட்டாள். அப்பாவின் பெயரைச் சொல்லி, சிகிச்சைக்கு அனுமதி வழங்கப்பட்டுவிட்டது, விரைவில் குணமடைய வாழ்த்துகள் என்று வந்திருந்தது. அவள் போனை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே அண்ணன் அப்பாவின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன செய்தி என்று அவன் கேட்கவில்லை. தோளைச் சரிசெய்துகொண்டு, "மெதுவா, மெதுவா" என்று மற்றவர்களிடம் சொன்னான்.

அதற்குப் பிறகும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. 'அன்னிக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொன்னால் தானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி, கத்தி, அழுது, ஒரு வழியாகலாம். அவன் வாயைத் தைத்துக்கொண்டவன் போல வேலைக்குப் போனான், வந்தான், போட்டதைச் சாப்பிட்டான். இவ்வளவு கோபத்தை ஒரு மனுஷன் எங்கேதான் அடக்கி வைத்திருக்கிறான் என்று அவள் பயந்தாள். நாலு பேர் இருந்த வீட்டில் ஒருவர் போனால் மூன்று பேர் மிச்சம் என்பார்கள். அந்த வீட்டில் ஒருவர்கூட மிச்சமில்லாத மாதிரி இருந்தது.

அம்மா மட்டும் பேசினாள். ஸ்பூனை அண்ணனிடமிருந்து கேட்டு வாங்கிக் கழுவி, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் நிறுத்தி வைத்திருந்தாள். தட்டில் கை வைக்கும்போதெல்லாம் கண் அங்கே போகும். "ஒரு வாய் கஞ்சி. ஒரே ஒரு வாய். குடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்பாள். மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

பாத்திரம் கழுவும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள். அண்ணனுடைய டீ டம்ளரின் அடியில் சர்க்கரை அப்படியே படிந்து கிடந்தது. ஒருநாள் இல்லை, தினமும். அவன் டீயைக் கலக்கினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதற்காகச் சின்ன வயதிலிருந்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். "டேய், பஸ் கிளம்பப் போகுதா, இப்படி பெல் அடிக்கற?" என்பார் அவர். இப்போது அந்தச் சத்தமும் இல்லை. துக்கத்தில் இருப்பவன் டீயைக் கலக்க மறந்துபோகிறான் என்று நினைத்துக்கொண்டு சர்க்கரையைக் கழுவி ஊற்றினாள்.

பெரியாஸ்பத்திரியில் அப்பாவின் கம்பளி தங்கிவிட்டிருந்தது. மாற்றிய அன்று அவசரத்தில் பக்கத்துக் கட்டிலில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் போய் வாங்கிட்டு வரேன்" என்றாள் மகள்.

"நீ போகாத" என்றான் அண்ணன், சட்டென்று. அத்தனை நாளில் அவன் அவளிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "நீ அங்க போக வேண்டாம். ஞாயித்துக்கிழமை நான் போறேன்."

அங்கே போய் நிற்கிற யோக்கியதைகூட உனக்கில்லை என்று சொல்வதாகத்தான் அவளுக்குப் பட்டது. மறுநாள் வேலை முடிந்ததும் வீம்புக்கென்றே அவள் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

வார்டு அப்படியே இருந்தது. அப்பாவின் கட்டிலில் யாரோ ஒரு கனத்த ஆள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் பெயிண்டர். சுவருக்கு வண்ணம் அடித்து அடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர், இப்போது இதயமும் சேர்ந்துகொண்டது. அவளைப் பார்த்ததும் மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"வாங்க செக்கரம்மா. கண்டக்டர் எப்படி இருக்கார்? அடைப்பை எடுத்தாச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "நல்லவேளை கூட்டிட்டுப் போனீங்க. எனக்கு இன்னும் கூப்பிடலை. நாளைக்கு நாளைக்குங்கறாங்க. பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு உங்களைப் பத்தித்தான் எல்லார்கிட்டயும்..." அங்கே நிறுத்திவிட்டார். அவர் பார்வை அவளைத் தாண்டி எதிர் வரிசைக்குப் போயிருந்தது.

எதிர்க் கட்டிலில் ஒரு கிழவர் எழுந்து உட்கார முயன்று முடியாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தார். துணைக்கு இருந்தவர்களைக் காணோம். பெயிண்டர் தலையணைக்கு அடியில் கையை விட்டார். ஸ்பூன் ஒன்றை எடுத்தார். கட்டில் கம்பியில், பெயிண்ட் உதிர்ந்த அதே இடத்தில், விடாமல் தட்ட ஆரம்பித்தார்.

இரும்பு கணீரென்று ஒலித்தது. அடுத்த கட்டில்காரர் கண்ணைத் திறக்காமலே தன் ஸ்பூனை எடுத்துத் தட்டினார். அதற்கடுத்தவர். அதற்கடுத்தவர். எழுந்திருக்க முடியாதவர்கள், பேச முடியாதவர்கள், எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தம் கட்டில் கட்டிலாக ஓடி வாசலைத் தாண்டியது. பாயில் கிடந்த ஒருவர் துள்ளி எழுந்து கிழவரைத் தாங்கிப் பிடித்தார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வார்டிலிருந்து சிஸ்டர் ஊசித் தட்டோடு ஓடி வந்துகொண்டிருந்தார்.

மகள் கம்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சிஸ்டர் கிழவருக்கு மூச்சுக் குழாயை மாட்டி, அவர் முகம் தெளிந்ததும், ஸ்பூன்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெயிண்டருக்கே இரைத்தது. "ராத்திரியில சிஸ்டர் அந்தப் பக்கம் இருப்பாங்க. இங்கேருந்து கத்தினா கேக்காது. கத்தறதுக்கு எங்ககிட்ட மூச்சும் கிடையாது. அதான் இது" என்று ஸ்பூனைக் காட்டினார். "யார் ஆரம்பிச்சதுன்னு தெரியாது, நான் வரும்போதே இருந்துச்சு. உங்கப்பா வந்த பிறகுதான் ஒரு ஒழுங்கு வந்துச்சு. ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டு தட்டுன்னா பாத்ரூமுக்குத் துணை. விடாம தட்டினா..." அவர் முடிக்கவில்லை. "உங்கண்ணன் சொல்லலியா? எனக்கு ஒருநாள் மூச்சு அடைச்சப்ப தட்டினது உங்கப்பா. ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டிட்டு வந்தது உங்கண்ணன்."

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க. ராத்திரி ஒரு தட்டு விழுந்தா முதல்ல எழுந்திருக்கறதே அவர்தான்."

வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பிறை பிறையாகக் கிடந்த பள்ளங்கள் அவள் கண் முன்னால் வந்தன. பிளாஸ்டிக்கில் தட்டினால் என்ன சத்தம் வரும்? சாத்தினால் சத்தமே வராத கதவு. அதற்கு அந்தப் பக்கம் யாராவது பதிலுக்குத் தட்டுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு, மறுபடியும் மறுபடியும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் அந்த அறையில் நின்று ஸ்பூனைப் பார்த்ததும், தடுப்பைப் பார்த்ததும், கதவைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பிறகு அவன் சொன்னதும். ஆமாம்மா, பசிச்சிருக்கும்.

"அப்பா போயிட்டார்" என்றாள்.

பெயிண்டர் எதிர்க் கட்டிலைப் பார்த்தார். "ராத்திரியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லை" என்றாள். "கையில ஸ்பூன் இருந்துச்சு."

அவர் தன் கையிலிருந்த ஸ்பூனைத் தலையணைக்கு அடியில் மெதுவாகச் செருகி வைத்தார். கால்மாட்டில் மடித்திருந்த அப்பாவின் கம்பளியை எடுத்து, மடிப்புச் சரியாக இருந்தும் பிரித்து மறுபடி மடித்துக் கொடுத்தார். "இங்கயே இருந்திருந்தாலும் இன்னும் கூப்பிட்டிருக்க மாட்டாங்கம்மா" என்றார். "என்னையே இன்னும் கூப்பிடலை. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க." அவர் ஆறுதலுக்குச் சொன்னாரோ, தன் பயத்தைச் சொன்னாரோ, இரண்டும் உண்மைதான். அவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் அடுப்படியில் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த கம்பளியைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அடுப்பிலிருந்த டீ பொங்கி வழிந்தது, அவன் கவனிக்கவில்லை. அவள்தான் போய் அடுப்பைத் தணித்தாள்.

"போகாதன்னு சொன்னேனே" என்றான், அம்மாவுக்குக் கேட்காத குரலில்.

அவன் துணி எடுத்து வழிந்ததைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அம்மா கம்பளியை மடியில் போட்டு முகர்ந்து பார்த்தாள். தடவிக்கொடுத்தாள். பார்வை வழக்கம் போலப் படத்துக்குப் பக்கத்து டம்ளருக்குப் போனது.

"வெறும் வயித்தோட போயிட்டாரே" என்றாள். "அந்த ஸ்பூனைப் பார்க்கும்போதெல்லாம்..."

"அம்மா, போதும்மா" என்றான் அண்ணன். "அது..."

"பசிதான்மா" என்று அவள் குறுக்கே சொன்னாள். "அப்பாவுக்குப் பசிதான். ஒரு வாய் குடுத்திருக்கலாம். நான்தான் குடுக்க விடலை."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை நாளில் மகள் அதை ஒத்துக்கொண்டது அன்றுதான். என்ன நினைத்தாளோ, கையை நீட்டி மகளின் முழங்காலில் வைத்தாள். "நீ என்ன வேணும்னா பண்ணின? டாக்டர் சொன்னதைச் செஞ்ச. விடு" என்றாள். பிறகு டம்ளர்களைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனாள். "ரெண்டு பேருக்கும் சர்க்கரையைக் கலக்காமயே வச்சிருக்கான் பாரு. இருங்க, ஸ்பூன் எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம்மா" என்றார்கள் இருவரும்.

அவள் அப்படியே குடித்தாள். கசந்தது. எதிரே அண்ணனும் அப்படியே குடித்துவிட்டு, டம்ளரைத் தரையில் வைக்கும்போது சத்தம் வராமல் இரண்டு கையாலும் பிடித்து வைத்தான். அவள் கடைசி மடக்கையும் குடித்துவிட்டுப் பார்த்தாள். அடியில் சர்க்கரை அத்தனையும் கரையாமல் கிடந்தது.